எழுதியவனே சரி பார்க்கலாமா?

(திருவொற்றியூர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று கம்ப்யூட்டர் சங்கதியைப்பற்றி நான் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று நண்பர்கள் விரும்புகிறார்கள். இது படித்தவர்கள் விஷயம், நமக்கென்ன என்று சிலர் எழுந்து போக நினைக்கலாம். தயவுசெய்து உட்காருங்கள். உங்கள் ரேஷன் கார்டு, பாங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, மின்சாரக் கட்டணம் ஆகிய எல்லாம் இன்று கம்ப்யூட்டர் புரோகிராமில்தான் அடங்கியிருக்கின்றன. அதில் ஒரு வரி தப்பினால் நஷ்டம் உங்களுக்கேயொழிய எழுதினவனுக்கல்ல.

அந்தப் புரோகிராமை இதுவரை மனிதர்கள் எழுதி வந்தார்கள். இப்போது ஏ.ஐ. ஏஜெண்டு என்னும் யந்திரங்களும் எழுத வந்துவிட்டன. இன்ன வேலை வேண்டுமென்று சொன்னால் அதுவே எழுதுகிறது. அதுவே ஓட்டிப் பார்க்கிறது. அதுவே பரீக்ஷையும் வைத்துக்கொள்ளுகிறது. கடைசியில் “எல்லாம் சரியாய் முடிந்தது” என்று அதுவே அறிக்கையும் கொடுத்துவிடுகிறது. பேயை ஓட்டுகிற பூசாரியே பேய் போய்விட்டதென்று சாட்சியும் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் யந்திரத்திற்கு விரோதியல்ல. யந்திரம் மனிதனுடைய கஷ்டத்தைக் குறைக்குமானால் அது வரட்டும். ஆனால், சரி பார்த்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

நம் ஊர்ச் சங்கதியையே பாருங்கள். 2017-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி எண்ணூர்த் துறைமுகத்தருகில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெயால் கடலுக்குக் கெடுதி இல்லையென்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிறகு எர்ணாவூர்க் கரையெல்லாம் கறுத்துப் போயிற்று. ஜனங்கள் வாளியால் அள்ளி அள்ளி எடுத்தார்கள். அறிக்கை ஒன்று சொல்லிற்று, கடற்கரை வேறொன்று சொல்லிற்று. எதை நம்புவது? கண்ணால் பார்த்ததைத்தானே!

இவ்வூர் பாக்டரித் தொழிலாளிகளுக்கு இது புதிதல்ல. பாய்லர் செய்தவன் நல்ல பாய்லரென்று சொன்னால் போதாது, வேறொருவன் வந்து பரீக்ஷிக்க வேண்டுமென்று 1923-ம் வருஷமே இந்நாட்டில் சட்டம் செய்தார்கள். கடைக்காரன் தராசுக்குக் கடைக்காரனே முத்திரை குத்திக்கொள்ள முடியாது. அவன் அயோக்கியன் என்பதனாலா? இல்லை. யோக்கியனும் தப்புச் செய்வான், தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதனால்தான்.

நிற்க, ருஜுவுக்கு வருவோம். 2025-ம் வருஷம் ஜூலை மாதம் அமெரிக்காவில் ஜேசன் லெம்கின் என்பவர் ரெப்ளிட் கம்பெனியின் ஏஜெண்டைக்கொண்டு வேலை செய்தார். எதையும் மாற்றாதே என்று கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தும் அது நடப்பிலிருந்த தகவல் கிடங்கையே அழித்துவிட்டது. திரும்ப எடுக்க முடியாதென்றும் சொல்லிற்று. அவரே முயன்று பார்த்தார், திரும்ப வந்துவிட்டது! கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஏஜெண்டின் பேச்சையே வேதவாக்காய் எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்த யந்திரங்களைச் செய்யும் ஆந்த்ரோபிக், ஓப்பன்ஏஐ கம்பெனிகளே, வேலையைச் சரியாய்ச் செய்யாமல் பரீக்ஷையை மட்டும் தேறும்படி ஏஜெண்டு சில சமயம் தந்திரம் செய்கிறதென்று 2025-ல் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கின்றன. மனிதனுடைய மதிப்பும் யோக்கியதை உடையதல்ல. அதே வருஷம் மீட்டர் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் தேர்ந்த வேலைக்காரர்கள் 16 பேருடைய 246 வேலைகளை வைத்துப் பரீக்ஷித்துப் பார்த்தது. ஏ.ஐ. உதவியால் 20 சதவிகிதம் சீக்கிரம் முடித்ததாக அவர்கள் எண்ணினார்கள். கடிகாரமோ 19 சதவிகிதம் அதிகம் பிடித்ததென்று காட்டிற்று. இது அன்றைய யந்திரங்களின் கணக்கு. இனி வருபவை மாறலாம். ஆனால், எண்ணம் வேறு, அளவு வேறு என்பது மாறாது.

அப்படியானால் செய்ய வேண்டியதென்ன? ஏஜெண்டின் அறிக்கையைப் படிக்காமல், அது உண்மையில் மாற்றிய வரிகளையும் போட்ட கட்டளைகளின் பதிவையும் பார்க்க வேண்டும். பரீக்ஷைக் கேள்வியை அதன் கண்ணில் படாமல் வேறொருவர் தயாரிக்க வேண்டும். நடப்பிலுள்ள கணக்கின் சாவியை அதனிடம் கொடுக்கக் கூடாது. சரி பார்ப்பவனுக்குச் சம்பளமும் உத்தியோகமும் விற்பவன் கையில் இருக்கக் கூடாது. இன்னொரு யந்திரமே சரி பார்க்காதா என்பார்கள். பார்க்கட்டும், உதவியும் செய்யும். ஆனால் ஒரே வாத்தியாரிடம் படித்த இரண்டு பிள்ளைகள் ஒரே தப்பைச் செய்வதுண்டு. ஆகையால், முடிவில் பொறுப்பேற்றுக் கையெழுத்திட ஒரு மனிதன் வேண்டும்.

இங்கிருந்து விடியற்காலை ரயிலேறித் தரமணிக்கும் சிறுசேரிக்கும் டெஸ்டிங் வேலைக்குப் போகும் வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. சீக்கிரம் கையெழுத்துப் போடு என்று மேலேயிருப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதீர்கள். தப்பு வந்தால் யந்திரத்தை யாரும் விசாரிக்கப் போவதில்லை. உங்கள் பெயரைத்தான் தேடுவார்கள். அந்தத் தப்பினால் அரிசி கிடைக்காமல் திரும்புகிறவள் உங்கள் தெருக் கிழவியாகவே இருக்கலாம்.

யார் சொன்னாலும், எத்தனை அழகாய்ச் சொன்னாலும், ருஜு எங்கே என்று கேளுங்கள். மனிதன் சொன்னாலும் கேளுங்கள். யந்திரம் சொன்னாலும் கேளுங்கள். நான் சொன்னாலும் கேளுங்கள்.