பொறுமையோடு தைரியமும் சொல்லித் தருவோம்

(நமது சங்கத்தின் சரஸ்வதி பூஜை மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பெண் குழந்தைகளுக்கு ஒழுக்கக் கல்வி, ஆன்மிகக் கல்வி பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பேச்சாளன் இல்லை. பி.காம். முடித்து, 36 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கவுண்டரில் உட்கார்ந்து பார்த்ததையும், என் வீட்டில் நான் செய்த ஒரு தவறையும் வைத்துத்தான் என்னால் பேச முடியும்.

தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது கணக்கு டியூஷனுக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் ஒழுங்காகப் போனாள். பிறகு ஒரு நாள் வயிற்று வலி என்பாள், மறுநாள் தலைவலி என்பாள். படிக்கச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு அவளை உட்காரவைத்துப் பெரிய உபதேசமே செய்தேன். குருவை மதிக்க வேண்டும், பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது, பெண் குழந்தைக்குப் பொறுமைதான் அழகு என்றெல்லாம் சொன்னேன். தலையாட்டினாள். முழுப்பரீட்சை முடியும்வரை டியூஷனுக்குப் போனாள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் இருவரிடமும் சொன்னாள். அந்த வாத்தியார் கணக்குச் சொல்லித் தரும் சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொடக்கூடாத விதமாகத் தொடுவாராம். "அன்னைக்கே ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "பெரியவங்களை எதிர்த்துப் பேசக்கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இதை இங்கே பேசலாமா என்று அவளிடம் கேட்டேன். "சொல்லுங்கப்பா, வேற யாருக்காவது உதவும்" என்றாள். அதனால் சொல்கிறேன்.

நான் சொல்லிக் கொடுத்த பண்பு தவறானது என்று இன்றும் நான் நினைக்கவில்லை. மரியாதை வேண்டும், பொறுமையும் வேண்டும். ஆனால் நான் சொன்னது பாதிதான். கணக்குப் பதிவியலில் முதல் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் சரிசமமாக ஒரு வரவு இருக்க வேண்டும் என்பது. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது. மரியாதை என்று ஒரு பக்கம் எழுதிய நான், மரியாதைக்குத் தகாத காரியத்தை யார் செய்தாலும் வாய் திறந்து சொல் என்று மறுபக்கம் எழுதவில்லை.

வங்கியிலும் இதையே பார்த்தேன். நகைக்கடனுக்கு வரும் பெண்கள் கழுத்தில் இருப்பதைக் கழற்றி மேஜையில் வைப்பார்கள். "எங்கே சார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்பார்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எதற்காக இந்தக் கடன் என்று கேட்டவர்கள் குறைவு. பட்டம் படித்தவர்களும் அப்படித்தான். படிப்பு அவர்களுக்குக் கையெழுத்தைக் கொடுத்திருந்தது, கேள்வி கேட்கும் தைரியத்தைக் கொடுக்கவில்லை.

அப்படியானால் ஆன்மிகக் கல்வி பெண்களை அடக்கி வைக்கத்தானா என்று சிலர் கேட்கலாம். இல்லை என்பதற்கு நம் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. மெரினா கடற்கரைச் சாலையில் போகும்போது விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்த கட்டடம் அது.

அவர் 1886-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே கல்யாணம் நடந்து, சிறுவயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண் வீட்டின் பின்கட்டோடு முடிந்துவிடுவாள். ஆனால் அவருடைய பெற்றோர் படிக்கவைத்தார்கள். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த வருஷமே சாரதா லேடீஸ் யூனியனைத் தொடங்கினார்.  தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆசிரியைகளாக ஆக்கினார். 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். 1958-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

நான் கவனித்தது இதைத்தான். அவர் அந்தப் பெண்களிடம் பக்தியை விட்டுவிடு என்று சொல்லவில்லை. உன் தலைவிதி, பொறுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. சாமி கும்பிட்ட அதே கையில் சாக்பீஸையும் மாதச் சம்பளத்தையும் கொடுத்தார். கணக்கின் இரண்டு பக்கத்தையும் எழுதியவர் அவர்.

நம் குழந்தைகள் மார்கழியில் திருப்பாவை முப்பதையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதைப் பாடிய ஆண்டாள் எப்படிப்பட்ட பெண் என்று சொல்லித் தந்தோமா? தன் மனத்தில் இருப்பதை ஊரறியச் சொன்னவள். வளர்த்த தகப்பனார் பெரியாழ்வாரும் அவள் வாயை அடைக்கவில்லை. சங்ககால ஔவை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். ஆத்திசூடி பாடிய ஔவை இவருக்குப் பிந்தியவர் என்பார்கள். இருவருமே பேசத் தயங்காதவர்கள்.

நம் குடியிருப்பில் எல்லா மதத்தவரும் இருக்கிறோம். பைபிளில் எஸ்தர் ராணி, அழைப்பில்லாமல் அரசன் முன் போனால் உயிர் போகலாம் என்று தெரிந்தும் தன் மக்களுக்காகப் போய் நின்றார். நபிகள் நாயகத்தின் துணைவியார் கதீஜா அம்மையார் சொந்தமாக வணிகம் நடத்தியவர். எந்த வழியில் பார்த்தாலும், தெய்வ பக்தி உள்ள பெண் என்றால் வாய்பேசாத பெண் என்று அர்த்தமில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு தொடங்கி, காலை 10 மணியிலிருந்து 11 மணி வரை நம் கம்யூனிட்டி ஹாலில் குழந்தைகளுக்கு ஒரு வகுப்பு நடத்தலாம் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறேன். நான்கு விஷயங்கள் போதும்.

ஒன்று, ஐந்து நிமிஷம் கண்ணை மூடி அமைதி. அவரவர் வீட்டுப் பிரார்த்தனையை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு, ஒரு கதை. கதை முடிந்ததும் கேள்வி கேட்க வேண்டியது பெரியவர்கள் இல்லை, குழந்தைகள்.

மூன்று, "வேண்டாம்", "எனக்குப் பிடிக்கவில்லை", "அம்மாவிடம் சொல்வேன்" என்று உரக்கச் சொல்லிப் பழகுவது. கூடவே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் மனப்பாடமாக வேண்டும். குழந்தைகளைப் பாதுகாக்க 2012-லேயே போக்சோ சட்டம் வந்துவிட்டது. ஆனால் குழந்தை வாயைத் திறந்தால்தான் சட்டம் வீட்டு வாசலுக்கு வரும்.

நான்கு, பணம். இதை நான் பார்த்துக்கொள்கிறேன். 10 வயது நிரம்பிய பிள்ளைகள், வங்கி வைக்கும் வரம்புக்குள், தங்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே நடத்த ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. ஸ்லிப் எழுதுவது, பாஸ்புக் பார்ப்பது, படிக்காமல் கையெழுத்துப் போடாமலிருப்பது, வெற்றுத்தாளில் எக்காரணம் கொண்டும் போடாமலிருப்பது ஆகியவற்றைச் சொல்லித் தருகிறேன். செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் மகள் பெயரில் பணம் போடும் பெற்றோர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்தக் கணக்கு எதற்கு, அதில் எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்கும் சொல்லுங்கள். 18 வயதானால் அதை நடத்தப்போவது அவள்தான்.

பையன்களையும் கட்டாயம் அனுப்புங்கள். ஒரு பெண் "வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக்கொள்ளும் அதே அறையில், அந்தச் சொல்லுக்கு மரியாதை கொடுக்க ஒரு பையனும் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் ஒழுக்கக் கல்விதான்.

வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் மகளையோ பேத்தியையோ பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் திட்டுவேன்னு பயந்து என்கிட்ட சொல்லாம வெச்சிருக்கிறது ஏதாவது இருக்கா கண்ணு?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உபதேசம் வேண்டாம். டிவியை அணைத்துவிடுங்கள், போனைத் தள்ளி வையுங்கள். அவள் இன்றைக்கே சொல்லாமல் போகலாம். சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையாவது அவளுக்கு வரும்.

நான் அந்தக் கேள்வியைப் பதின்மூன்று வருஷம் தாமதமாகக் கேட்டேன். நீங்கள் தாமதிக்காதீர்கள்.