எந்தத் தெரு என்று கேட்கிறார்கள்

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில் ராயகிரியில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 அன்று இலக்கிய மன்றத்தின் மேடையில் இலக்கியம்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இலக்கியத்துக்கும் வருவோம். அதற்கு முன்னால் வாடகை வீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ராயகிரியிலும், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரத்திலும் நம் தெருக்களில் கோவைக்கோ, திருப்பூருக்கோ, சென்னைக்கோ ஆள் அனுப்பாத வீடு குறைவு. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் போகிற நம் பிள்ளைகள் முன்பெல்லாம் கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் போனார்கள். இப்போது பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். போன இடத்திலும் நிலையாக இருக்க முடிவதில்லை. கோவையில் இரண்டு வருடம் இருந்தவனைக் கம்பெனி சென்னைக்கு மாற்றுகிறது. பத்து நாளில் போய்ச் சேர வேண்டும். கையில் அட்வான்ஸ் பணம் இருக்கிறது, சம்பளச் சீட்டு இருக்கிறது. வீடு கிடைப்பதில்லை.

ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு வேலை மாறிப் போகிறவர்கள் பொதுவாக என்ன பார்ப்பார்கள்? ஆபீஸ் எவ்வளவு தூரம், மின்சார ரயில் உண்டா, தண்ணீர் லாரி வருமா, 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, பிள்ளைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் உண்டா என்று பார்ப்பார்கள். தென்மாவட்டக்காரர்கள் இன்னொன்றும் பார்ப்பார்கள்: ஊருக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பேருந்து முனையம் திறந்த பிறகு தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி எல்லாம் நமக்கு இன்னும் வசதியாகிவிட்டன. எல்லாம் சரியான கணக்குகள்தான். நாம் மட்டும் இந்தக் கணக்குகளுக்கு மேலே இன்னொரு வரி எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதியில் நமக்கு வீடு கொடுப்பார்களா என்ற வரி.

கேள்வி எப்படி வருகிறது என்று எங்களில் பலரும் அனுபவித்திருக்கிறோம்.

“சொந்த ஊர் எது தம்பி?”

“தென்காசிப் பக்கங்க, ராயகிரி.”

“அட, நமக்கும் அந்தப் பக்கம்தான். ஊர்ல எந்தத் தெரு?”

இந்த மூன்றாவது வரியோடு முடிந்தது. நம் ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாக ஆகிவிடுகிறது. கிழக்கா மேற்கா என்பதே போதும். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது, அதன் தொடக்கப் பக்கங்களிலேயே எந்தச் சாதியின் தெரு எங்கே, தபாலாபீசும் பள்ளிக்கூடமும் யார் பக்கம் என்று ஊரின் அமைப்பு வந்துவிடும். படித்த நகரத்து வாசகர்களுக்கு அது வருணனை. நமக்கு அது வரைபடம். அந்த வரைபடத்தைத்தான் வீட்டுக்காரர் மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார். நாங்கள் பேசிப் பார்த்த நண்பர்கள் பலர் ஒன்றைச் சொன்னார்கள்: நம் ஊர்ப் பக்கத்து வீட்டுக்காரரைவிட நம் ஊரை அறியாத வீட்டுக்காரர் பரவாயில்லை. ஊர்க்காரன் என்ற பாசத்தோடு பேச்சைத் தொடங்குகிறவர்தான் தெருவைக் கேட்கிறார். அதனால் ஊர்க்காரர்கள் அதிகம் இருக்கும் பகுதியைத் தவிர்த்துத் தள்ளிப்போய் வீடு பார்க்கிற பிள்ளைகள் நம்மிடம் உண்டு. மற்றவர்கள் சொந்தபந்தம் தேடிக் குடிபோக, நம் பிள்ளைகள் அறிமுகமில்லாத முகம் தேடிக் குடிபோகிறார்கள்.

ஊரை அறியாதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. “நான்வெஜ் சாப்பிடுவீங்களா?” என்பது ஒரு வழி. அப்பாவின் முழுப்பெயர், குலதெய்வம், கல்யாணம் எந்த ஊரில் என்பதெல்லாம் மற்ற வழிகள். எதுவும் சாதியைக் கேட்பதில்லை. எல்லாம் சாதிக்குத்தான் போய்ச் சேர்கின்றன. பதிலும் நேராக வருவதில்லை. “வீட்டுக்காரம்மாவைக் கேட்டுச் சொல்றேன்”, “மகன் வெளிநாட்டிலிருந்து வர்றான்”, “நேத்துதான் ஒருத்தர் டோக்கன் குடுத்துட்டுப் போனார்.” டூலெட் பலகை மட்டும் இன்னும் ஒரு மாதம் அங்கேயே தொங்கும்.

இது நேற்று வந்த வழக்கமில்லை. இன்று நாம் யாருடைய நினைவு நாளுக்குக் கூடியிருக்கிறோமோ, அவருக்கே நடந்தது. 1917இல் அண்ணல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்குப் போனார். மன்னர் சயாஜிராவ் தந்த உதவித்தொகைக்கு ஈடாக அந்த சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். உயர்ந்த பதவி காத்திருந்தது. தங்க இடம் மட்டும் இல்லை. இந்து விடுதிகள் சேர்க்காது என்று அவருக்குத் தெரியும். ஒரு பார்சி விடுதிக்குப் போனார். பார்சிகளுக்கு மட்டும்தான் இடம் என்றார்கள். ஒரு பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு, ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலை, அலுவலகத்துக்குப் புறப்படும் நேரத்தில், பத்துப் பன்னிரண்டு பார்சிகள் கம்புகளோடு மாடிப்படி ஏறி வந்தார்கள். மாலைக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள்.

அடுத்து அவர் போனது இரண்டு நண்பர்களிடம். ஒருவர் இந்து. நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர் கிறிஸ்தவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். இன்று நம் பிள்ளைகள் கேட்கும் “வீட்டுக்காரம்மாவைக் கேட்டுச் சொல்றேன்” என்ற பதிலுக்கு நூறு வயது தாண்டிவிட்டது என்பதைக் கவனியுங்கள். மாலை நான்கு மணி. பம்பாய் ரயில் ஒன்பது மணிக்கு. காமாட்டி பாக் பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ரயில் ஏறினார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தலைப்பில் அறியப்படும் தன்வரலாற்றுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார். பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் அதை நினைக்கும்போது கண்ணீர் வருகிறது என்று எழுதியவர், சட்டசபைகளில் யாருக்கும் அஞ்சாமல் நின்றவர்.

இதில் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய கல்வி, பதவி, மன்னரின் ஆணை எல்லாம் அலுவலகத்துக்குள் ஓரளவு செல்லுபடியாயின. அலுவலகம் முடிந்து இரவு தலைசாய்க்கிற இடத்தில் செல்லுபடியாகவில்லை. வேலை கிடைத்தும் அந்த வேலையில் இருக்க முடியாமல் ஒரு மனிதரை ஊரை விட்டு அனுப்ப ஒரு வாடகை அறையால் முடிந்தது. வீடு பற்றிய பிரச்சினையை வேலைப் பிரச்சினைக்குக் கீழே வைத்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மராத்தி எழுத்தாளர் பாபுராவ் பாகுல் 1963இல் வெளியிட்ட கதைத் தொகுப்பின் தலைப்பே ‘நான் சாதியை மறைத்தபோது’ என்பதுதான். ரயில்வே வேலைக்காக வேறு மாநிலம் போகும் ஒரு தலித் இளைஞன் வாடகை இடம் தேடும்போது சாதி கேட்கப்படுவதும், அவன் மறைப்பதும், தெரிந்த பிறகு அடிபடுவதும் தலைப்புக் கதை. நாம் அதைத் தலித் இலக்கியத்தின் தொடக்கங்களில் ஒன்றாகப் பாடத்தில் படிக்கிறோம். வேலை மாற்றலில் வீடு தேடுகிற கதையாகவும் அதைப் படிக்க வேண்டும்.

ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் டெல்லிப் பெருநகரப் பகுதியில் வாடகை வீடு கேட்டுச் சோதனை நடத்தி, 2015இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்கு அந்த அளவுக்குத் திறக்கவில்லை. முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவு. அதே இதழில் 2012இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, சென்னை உட்பட ஏழு பெருநகரங்களைப் பார்த்தது. வருமானமும் தொழிலும் மக்களைப் பிரிப்பதைவிடச் சாதி அதிகமாகப் பிரிக்கிறது என்பது அதன் முடிவு. நகரத்துக்குப் போனால் சாதி கரைந்துவிடும் என்று சொல்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கணக்கு இது.

அப்படியானால் முந்தைய தலைமுறை நகரத்தில் எப்படிக் குடியேறியது? இதை நாம் போதுமான அளவு பேசவில்லை. பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பு, 1955இல் தொடங்கிய ஐ.சி.எப். குடியிருப்பு, ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்புகள், நெய்வேலி, திருச்சி பெல், அரசு ஊழியர் குடியிருப்புகள். இடஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவருக்கு அந்த வேலையோடு ஒரு முகவரியும் கிடைத்தது. வீடு ஒதுக்குகிற அலுவலகம் பணிமூப்பைப் பார்த்தது, தெருவைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் யார் வேண்டுமானாலும் இருந்தார்கள், பிள்ளைகள் ஒரே மைதானத்தில் விளையாடினார்கள். அங்கேயும் சாதி இருந்தது. ஆனால் சாதிக்காக யாரையும் வாசலில் நிறுத்த முடியவில்லை. பொதுத்துறை சுருங்கி, ஒப்பந்த வேலையும் தனியார் வேலையும் வந்தபோது இடஒதுக்கீடு போனதைப் பற்றி நாம் கூட்டம் போட்டோம். கூடவே குவார்ட்டர்ஸ் போனதைப் பற்றிப் பேசவில்லை. நம் பிள்ளைகளை டூலெட் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது அதுதான்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சென்னையில் ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனிக்குப் பக்கத்தில் புறநகர் தேர்ந்தெடுக்கிறார். அதே சாலையை ஒட்டித்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் புறநகரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் அவர்களை அரசு கொண்டுபோய் விட்டது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமெடுத்தது. அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போய்வந்த இடம் தூரமாகிவிட்டது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த முகவரியை எழுதத் தயங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ராயகிரியில் தெருப்பெயர் செய்கிற வேலையைச் சென்னையில் நகர்ப்பெயர் செய்கிறது.

இங்கே ஒரு விவாதம் நமக்குள் உண்டு. நம் மக்கள் இருக்கும் பகுதியிலேயே போய் இருப்பதா, கலந்து இருப்பதா? அண்ணலின் வரலாற்றிலேயே இரண்டுக்கும் இடம் உண்டு. 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த தாழ்த்தப்பட்டோர் மாநாடு, நம் மக்களுக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கிராமத்தில் சாதி இந்துக்களின் நிலத்தையும் தயவையும் நம்பி இருக்கும்வரை விடுதலை இல்லை என்பது அதன் நியாயம். மறுபுறம், தென்மாவட்டக் கலவரங்களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் வந்த பெரியார் நினைவு சமத்துவபுரம் கலந்து வாழ்வதை முன்வைத்தது. முதல் சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு.

எங்கள் கருத்தைச் சொல்கிறோம். நம் மக்களோடு சேர்ந்து இருப்பது பலம். வியாசர்பாடியும் புளியந்தோப்பும் இல்லாமல் சென்னையில் நம் அரசியலும் இல்லை, விளையாட்டும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் அது நாமாக எடுத்த முடிவாக இருக்க வேண்டும். வேறெங்கும் கொடுக்காததால் அங்கே போனோம் என்றால் அது சேரியின் நீட்சிதான். இரண்டு கதவும் திறந்திருந்து, நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் எங்கும் குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(உ) பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் தருகிறது. கடை, உணவகம், கிணறு, குளம் பற்றிப் பேசும் 15(2) பிரிவில் வாடகை வீடு என்ற சொல் இல்லை. ஆனால் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடை செய்வதைக் குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை, அது தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. செயற்பாட்டாளர்கள் இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தடையும் இருக்கிறது. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமான வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. ஒரு சிறுபான்மையினர் மீதான புகாராக இதைச் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பின் நிழலில் எந்தச் சாதியும் தன் ஆட்களுக்கு மட்டும் என்று ஒரு நகர் அமைத்துக்கொள்ள முடியும் என்பதே ஆபத்து. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம், முன்பணம், வாடகை அதிகாரி பற்றியெல்லாம் பேசுகிறது. சாதியின் பேரில் வீடு மறுப்பதைப் பற்றிப் பேசவில்லை. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது அதில் குடியிருப்பையும் சேர்த்தது. அமெரிக்க நகரம் ஒன்று சட்டத்தில் எழுதிவிட்டதைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் எழுதலாம். நம் முதல் கோரிக்கை அது.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? 1936 முதல் முப்பது ஆண்டுகள், விக்டர் கிரீன் என்ற கறுப்பின அஞ்சல்காரர் தொடங்கிய ஒரு கையேடு அமெரிக்காவில் வெளிவந்தது. பயணம் போகும் கறுப்பின மக்களுக்கு எந்த ஊரில் எந்த விடுதி இடம் கொடுக்கும் என்ற பட்டியல். நம் மன்றங்களுக்கு அந்த வேலை புதிதில்லை, கல்லூரி விடுதியில் மூத்த மாணவர் இளையவருக்கு இதைத்தான் வாய்வழியாகச் செய்துவருகிறார். அதை முறையாகச் செய்வோம். தாம்பரம், ஆவடி, அம்பத்தூர், கோவை சிங்காநல்லூர், திருப்பூர் என்று பகுதிவாரியாக, கேள்வி கேட்காமல் வீடு கொடுத்தவர்கள், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் நம் ஆட்கள், புதிதாக வருகிறவர் முதல் பத்து நாள் தங்க ஓர் அறை. தனியாகப் போகும் பெண்பிள்ளைகளுக்குச் சாதியோடு “தனியா இருப்பீங்களா?” என்ற கேள்வியும் சேர்ந்து வருகிறது; அரசின் தோழி விடுதிகளின் விவரத்தை அவர்களுக்கு முதலில் கொடுப்போம். மறுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் தேதி, இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதி வைப்போம். தனித்தனி அவமானமாக இருப்பது சேர்த்து வைத்தால் சாட்சியமாகும்.

வீடு கட்டி வாடகைக்கு விடும் நிலைக்கு வந்துவிட்ட நம் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாசலில் வந்து நிற்பவர் அருந்ததியரோ, முஸ்லிமோ, திருநங்கையோ யாராக இருந்தாலும், வாடகை எவ்வளவு என்பதை மட்டும் பேசுங்கள். நமக்கு வேண்டும் என்று கேட்பதை நம் திண்ணையிலிருந்து தொடங்குவோம்.

இந்த மண்டபத்தில் அடுத்த மாதம் வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகிற ஊர், வேலை பார்க்கப் போகிற இடம், எப்போது போய்ச் சேர வேண்டும் என்று எழுதிவிட்டுப் போங்கள். அந்த ஊரில் இருக்கும் நம் ஆட்கள் உங்களை அழைப்பார்கள்.

ஜெய்பீம்.