சரிசமனான வாக்கு
(இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் அங்கத்தவனாயிருந்த ஒரு வாசிகசாலைக் கமிட்டியில் நடந்ததை முதலிற் சொல்லிவிடுகிறேன். சேர்ந்திருந்த பணத்தில் மேளம் வாங்குவதா, சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதா என்று வாக்கெடுத்தோம். 14 பேர், ஏழுக்கு ஏழு. மேளத்துக்கு ஏற்கனவே கையுயர்த்தியிருந்த அக்கிராசனர் மறுபடியும் கையுயர்த்தி, "நிறைவேறியது" என்றார். மேளம் வந்தது. மறுகூட்டத்துக்கு ஏழு பேர் வரவில்லை. வகுப்புக்கு வாக்களித்தவர்களில் நானும் ஒருவன். ஆகையால் என் பேச்சிற் கசப்புத் தட்டினால் பொறுத்தருள்க.

அவர் செய்தது சரியா? நமது பாராளுமன்றத்தில் அப்படிச் செய்ய இயலாது. 1978 ஆம் ஆண்டு யாப்பின் 72 ஆம் உறுப்புரைப்படி, தலைமை வகிப்பவர் முதலில் வாக்களிக்கலாகாது. சமனானால் மாத்திரம் அறுதியிடும் வாக்கை அளிப்பார். ஒருவருக்கு ஒரே வாக்கு.

அவ்வாக்கை எப்பக்கம் அளிப்பது? இங்கிலாந்தின் சபாநாயகர் டெனிசன் 1867 இல் இதற்கு வழி காட்டினார். மேலும் விவாதிக்க இடமிருந்தால் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். இறுதித் தீர்ப்பைத் தலைவர் தமது ஒரு வாக்காற் செய்யாமல், சபையின் பெரும்பான்மைக்கே விடவேண்டும். 1982 இல் கேரள சட்டசபையில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சமனாயிருக்க, சபாநாயகர் ஏ. சி. ஜோஸ் தமது வாக்கினாற் பலமுறை கருணாகரன் மந்திரிசபையைக் காத்தார். இருந்தும் அவ்வாண்டு மார்ச்சில் அது விழுந்தது. ஒரு கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது!

ஆளைத் தெரிவது வேறு விஷயம். அதை இன்னொரு நாளைக்கு ஒத்திவைத்தாற் கதிரை வெறுமையாய்க் கிடக்கும். ஆகவே நமது உள்ளூராட்சிச் சபைகளில் தவிசாளர் தெரிவு சமனானாற் திருவுளச்சீட்டு. இதைச் சூதாட்டம் என்று என் கல்லூரி நண்பர்கள் நகைப்பதுண்டு. பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறித்த உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், தகுதியுள்ளோர் பெயர்களைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்ததைச் சொல்கின்றன. கோயிலிற் பூக்கட்டிப் பார்த்த பெரியோர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோற்றவர் எவர்மீதும் பகை கொள்ள வழியில்லை என்பதே அதன் சிறப்பு. ஆனால் மேளமா, வகுப்பா என்பதைக் குடத்திலிடலாகாது. அது பேசித் தீர்க்கவேண்டிய காரியம்.

நமது மன்ற விதிகளில் இதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. அக்கிராசனருக்குச் சமனான வேளையில் மட்டும் ஒரு வாக்கு. பொருளைப்பற்றியதாயின் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு. உத்தியோகத்தர் தெரிவாயிற் சீட்டு. வருகிற பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரிக்க எண்ணியுள்ளேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும். மேளத்தின் பக்கம் நிற்பவர் எவராவது முன்வந்தால் மிக்க மகிழ்ச்சியடைவேன்.