எல்லை தாண்டினால் கிடைக்கும் உரிமை

பெர்லின் நகரத்து அலுவலகம் ஒன்றில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அங்கேயே பிறந்து வளர்ந்த ஜெர்மானியர். மற்றவர் பிரான்சிலிருந்து வேலைக்கு வந்தவர். இருவரும் சென்னைப் பெண்களை மணந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மானியரின் மனைவி, ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே, ஜெர்மன் மொழியில் ஏ1 என்னும் தொடக்கநிலைத் தேர்வில் தேறிக் காட்ட வேண்டும். சில விலக்குகள் உண்டு என்றாலும் 2007 முதல் அங்கே பொதுவிதி இதுதான். பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கோ அந்தத் தேர்வே கிடையாது. திருமணச் சான்றும் கணவரின் வேலைச் சான்றும் சரியாக இருந்தால் அவருக்கு விரைவாக விசா கொடுத்தாக வேண்டும். சொந்த மண்ணின் குடிமகனைவிட அயல்நாட்டிலிருந்து வந்தவருக்கு, தன் மனைவியோடு சேர்ந்து வாழ்வது எளிதாக இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வாழ்க்கைத் துணையை அழைத்துக்கொள்வது பற்றிய சட்டங்களில் இருக்கும் இந்தக் கோணலைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். இது வெறும் சட்டச் சிக்கல் அல்ல. கடுமையான விதிகளுக்காகச் சொல்லப்படும் காரணங்கள் நிற்குமா என்பதை இந்தக் கோணலை வைத்தே உரசிப் பார்த்துவிடலாம்.

இந்த நிலை எப்படி வந்தது? தொழிலாளர்கள் நாடுவிட்டு நாடு போய்ப் பிழைக்க வேண்டும் என்பது ஐரோப்பியப் பொதுச் சந்தையின் அடிப்படை. குடும்பத்தைப் பிரிந்து யார் போவார்கள்? ஆகவே 1968-லேயே, இடம்பெயரும் தொழிலாளியின் மனைவியோ கணவனோ எந்த நாட்டவராக இருந்தாலும் உடன் வந்து குடியிருக்கலாம் என்று விதி வகுத்தார்கள். அதன் இன்றைய வடிவம் 2004-ஆம் ஆண்டின் சுதந்திர நடமாட்ட ஆணை. ஆனால் அது எல்லை தாண்டியவருக்கு மட்டும்தான். சொந்த நாட்டிலேயே இருப்பவர் அந்தந்த நாட்டுச் சட்டத்தின் கையில். இந்த இடைவெளியில் வழி திறந்துவிட்டவர் ஓர் இந்தியர். சுரிந்தர் சிங் 1982-இல் பிரிட்டிஷ் குடியுரிமை கொண்ட பெண்ணை மணந்தார். இருவரும் சில ஆண்டுகள் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். வெளிநாட்டில் வேலை செய்து திரும்பும் குடிமகளுக்கு, வந்து குடியேறும் அயல்நாட்டவருக்கு உள்ள உரிமைகளாவது இருக்க வேண்டும் என்று 1992-இல் அவருடைய வழக்கில் லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு எத்தனையோ பிரிட்டிஷ் தம்பதிகள் அயர்லாந்துக்கோ வேறு பக்கத்து நாட்டுக்கோ போய், வீடு பிடித்து, வேலை தேடி, சில மாதங்கள் வாழ்ந்து, பிறகு ஊர் திரும்பினார்கள். பிரெக்சிட்டோடு அந்த வழியும் அடைபட்டது.

டென்மார்க்கின் கதை இன்னும் தெளிவானது. 2002-இல் அங்கே வந்த சட்டப்படி, வெளிநாட்டுத் துணையை அழைக்க இருவருக்குமே 24 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து, வேறு எந்த நாட்டையும்விட டென்மார்க்கோடு கூடுதல் பிணைப்பு இருக்க வேண்டும் என்றும் அப்போது விதித்தார்கள். கட்டாயத் திருமணங்களைத் தடுக்கவே இது என்றார்கள். ஆனால் யாரும் வற்புறுத்தாமல், மனமொத்து அயல்நாட்டுப் பெண்ணை மணந்த 23 வயது டேனிஷ் இளைஞனும் இந்த வலையில் சிக்கினான். இப்படிப்பட்ட தம்பதிகள் என்ன செய்தார்கள்? 2000-இல்தான் கோபன்ஹேகனையும் ஸ்வீடனின் மால்மோ நகரத்தையும் இணைக்கும் ஓரசுந்து பாலம் திறந்திருந்தது. எல்லை தாண்டியவருக்கான உரிமையோடு மால்மோவில் வாடகை வீடு எடுத்துக் குடியேறினார்கள். காலையில் ரயிலேறிப் பாலத்தைக் கடந்து கோபன்ஹேகனில் வேலை. மாலையில் மீண்டும் ஸ்வீடனில் குடும்பம். சம்பளம் ஒரு நாட்டில், சமையலறை இன்னொரு நாட்டில். தன் வரிப்பணத்தில் நடக்கும் நாட்டில் தன் மனைவியோடு தூங்க முடியாத நிலையை எந்தப் பொதுநலத்தின் பேரில் நியாயப்படுத்துவது?

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. விசாவுக்காகவே நடக்கும் போலித் திருமணங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. ஆனால் 2004-ஆம் ஆண்டு ஆணையிலேயே போலித் திருமணத்தைக் கண்டுபிடித்தால் உரிமையை மறுக்கவும், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் இடமிருக்கிறது. திருட்டை விசாரிக்க வழியிருக்கும்போது ஊர் முழுவதையும் சந்தேகப் பட்டியலில் வைக்கத் தேவையில்லை. மொழி தெரியாமல் வருபவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவாரே என்பது இரண்டாவது மறுப்பு. மொழி வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கே கற்பது என்பதுதான் கேள்வி. சென்னையில் ஒரு வகுப்பறையில் மாதக்கணக்கில் கற்பதை, பெர்லினில் கடைக்காரரோடும் அண்டை வீட்டாரோடும் பேசியே கற்கலாம். புதிதாக வருபவர்களுக்காக ஜெர்மனியே 600 பாடநேர மொழி வகுப்பை நடத்துகிறது. ஜெர்மனியில் வாழும் அமெரிக்கா, ஜப்பான், கனடா போன்ற நாட்டவரின் துணைக்கு ஏ1 தேர்விலிருந்து விலக்கும் உண்டு. மொழியறிவு ஒன்றே நோக்கமென்றால் ஜப்பானியரின் துணைக்கு ஒரு நீதி, ஜெர்மானியரின் துணைக்கு ஒரு நீதி எதற்கு?

மூன்றாவது மறுப்பு பணம். வருகிறவர் அரசுக்குச் சுமையாகிவிடுவார் என்பது. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிரிட்டனில் குடும்பங்களை அதிகம் பிரித்து வைத்திருப்பது இந்த வாதம்தான். அங்கே துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்க வேண்டும் என்று 2012-இல் விதித்தார்கள். 2024 ஏப்ரலில் அது 29,000 ஆனது. சம்பளம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு ஆறு மாதமாகக் கையிருப்பில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணை அங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் சேராது. இத்தனைக்கும், துணை விசாவில் வருபவருக்கு நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும்வரை அரசு நலத்தொகை எதுவும் கிடையாது. மருத்துவத்துக்கென்று ஆண்டுக்கு 1,035 பவுண்டு தனியாகக் கட்டவும் வேண்டும். பிறகு சுமை எங்கே இருந்து வரும்? உண்மையில் நடப்பது வேறு. துணை வர முடியாததால், குழந்தையோடு தனித்து விடப்பட்ட தாயால் முழுநேர வேலைக்குப் போக முடிவதில்லை. வருமானம் குறைவதால் துணையை அழைக்கவும் முடிவதில்லை. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையருக்காக 2015-இல் தயாரான அறிக்கை, தந்தையையோ தாயையோ கணினித் திரையில் மட்டுமே பார்த்து வளரும் இந்தப் பிள்ளைகளின் வீடுகளை ஸ்கைப் குடும்பங்கள் என்றே அழைத்தது. வருமான வரம்பு சட்டப்படி செல்லும் என்று சொன்ன பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றமும், குழந்தைகளின் நலனை இந்த விதிகள் போதிய அளவு கருதவில்லை என்று 2017-இல் கண்டித்தது.

அப்படியானால் கணக்கே பார்க்க வேண்டாமா? பார்க்கலாம், ஆளுக்கு ஆள். சுதந்திர நடமாட்ட ஆணையும் நிபந்தனை இல்லாதது அல்ல. மூன்று மாதத்துக்கு மேல் தங்க வேலை வேண்டும், அல்லது போதிய பணமும் மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஆனால் எது போதிய பணம் என்று ஒரே தொகையை எல்லோருக்கும் நிர்ணயிக்கக் கூடாது. அவரவர் நிலையைப் பார்க்க வேண்டும் என்கிறது அந்த ஆணை. மொராக்கோவிலிருந்து வந்து 1970 முதல் நெதர்லாந்தில் வாழ்ந்த ஷக்ரூன் என்பவரின் வழக்கு இதற்குப் பொருத்தமானது. 1972-இல் மணந்த மனைவி, அவரோடு சேர்ந்து வாழ 2006-இல் விண்ணப்பித்தார். கணவரின் மாத வருமானம் 1,322 யூரோ. கேட்கப்பட்டது 1,441 யூரோ. முப்பத்து நான்கு ஆண்டு இல்லறம் 119 யூரோவில் தடுக்கி நின்றது. தொகையை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆளைப் பார்க்காமல் அதைக் கொண்டே கதவைச் சாத்தக் கூடாது என்று 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமான சட்டமும் குடியேறியவர்களுக்கானது. சொந்தக் குடிமக்களை அது தொடவில்லை. நாம் கேட்பது புதிய சலுகை எதுவும் அல்ல. திருமணச் சான்று, வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, சேர்ந்து வாழ்ந்ததற்கான தடயங்கள் ஆகியவற்றைப் புரட்டிப் பார்த்து, எதிரே இருக்கும் இந்த இருவரைப் பற்றி மட்டும் முடிவு எடுங்கள் என்பதுதான். பெர்லின் பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு அதிகாரிகள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்.