வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஒரு துளித் தண்ணி

இன்னைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசலாம். ஃபைட்டோபிளாங்க்டன். தமிழில் தாவர மிதவை உயிரிகள். பூமி முழுக்க நடக்கிற ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி இதுங்க செய்யுற வேலை. கடலூர் துறைமுகத்தில் வந்து இறங்கும் மத்தி இருக்கே, அதுக்கு முக்கியமான சாப்பாடும் இதுதான்.

சிதம்பரத்திலிருந்து பி.முட்லூர் வழியா போனா பரங்கிப்பேட்டை. வெள்ளாறு அங்கேதான் கடலில் கலக்குது. ஆற்றங்கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கு. அறுபது வருஷத்துக்கும் மேலாக அங்கிருந்து இந்தத் தண்ணியைப் படிக்கிறாங்க.

பாடப்புத்தகத்தில் என்ன இருக்குன்னா, பெரும்பாலும் குளிர்கடல் கதை. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் தண்ணி ஆழம் வரைக்கும் கலங்கிக்கிட்டே இருக்கும். மேலே இருக்கிற செல்களும் கீழே இழுபட்டு வெளிச்சம் கிடைக்காமல் போகும். வசந்தத்தில் மேல்தண்ணி சூடாகி ஒரு அடுக்கா நின்னதும், ஒரேயடியா பெருகும். 1953-இல் ஸ்வெர்ட்ரப் இதுக்குக் கணக்கே போட்டுக் காட்டினார். அருமையான கணக்கு. ஆனா வெள்ளாற்றுக்கு அது பொருந்தாது.

மார்கழி வாடையிலும் நம்ம தண்ணி 20 டிகிரிக்குக் கீழே போறதில்லை. வெளிச்சத்துக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே எண்ணிக்கை சரியும். காரணம் குளிர் இல்லை, மழை. ஆறு செம்மண் கலங்கலோட வந்து இறங்குது, உப்பு மளமளன்னு குறையுது, கடல் டயாட்டம் பலதும் தாங்காது. கோடையில் உப்பு ஏறி, தண்ணி தெளிஞ்ச பிறகுதான் உச்சம். அதனாலதான் இங்கே ஆய்வுக்கட்டுரைகளில் வசந்தம், இலையுதிர் காலம் எல்லாம் கிடையாது. பருவமழை, பின்பருவமழை, கோடை, முன்பருவமழை என்று நாலு காலம்தான்.

சரி, எப்படி எண்றாங்க? சல்லடைத் துணியில் செஞ்ச வலையைத் தண்ணியில் இழுக்கணும். இங்கே வழக்கமான கண் அளவு 48 மைக்ரான். எடுத்ததை ஃபார்மலினிலோ லூகால் அயோடினிலோ போட்டு வெச்சு, செட்ஜ்விக் ராஃப்டர் கண்ணாடியில் சரியா ஒரு மில்லிலிட்டர் ஊற்றி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் கட்டம் கட்டமா எண்ணணும். மொத்தம் ஆயிரம் கட்டம். கழுத்து வலி உறுதி. ஒண்ணு கவனிங்க: 48 மைக்ரானைவிடச் சின்னது நிறைய வலையில் தப்பிச்சுடும். வெப்பக்கடல்களை நிரப்பி வெச்சிருக்கும் புரோக்ளோரோகாக்கஸ் ஒரு மைக்ரான்கூட இல்லை. 1988 வரைக்கும் அது இருக்கிற விஷயமே யாரும் எழுதலை. ஆக, நீங்க எந்த வலை எடுத்துட்டுப் போறீங்களோ அந்தக் கடல்தான் உங்களுக்குத் தெரியும்.

சாட்டிலைட் இருக்கே, எதுக்கு இந்தப் பாடு என்று கேட்பீங்க. நியாயம். ஓஷன்சாட் கடலின் நிறத்தைப் பார்க்குது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் அந்தக் குளோரோஃபில் கணக்கையும் கடல் வெப்பத்தையும் வெச்சு மீன் கிடைக்கும் இடங்களைச் சொல்லுது. தேவனாம்பட்டினம், அன்னங்கோயில் மாதிரி ஊர்களுக்கு உண்மையிலேயே உபயோகமான தகவல். ஆனா கரையோரத்தில் சேறு கலந்த தண்ணியில் அந்த நிறக்கணக்கு தடுமாறும். மழைக்காலத்தில் மேகம் மறைச்சுடும். அதைவிட முக்கியம், பச்சை எவ்வளவுன்னு தெரியுமே தவிர, அந்தப் பச்சை யாருன்னு உறுதியா தெரியாது.

யாருன்னு தெரியறதுதான் இங்கே விஷயம். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா பெருகிக் கடல் பச்சையாச்சு. தண்ணியில் ஆக்சிஜன் இறங்கி மீன் செத்து ஒதுங்குச்சு. அதே பச்சை கீட்டோசிராஸாலயும் வரலாம், அது இறால் குஞ்சுப் பண்ணைகளில் விரும்பி வளர்க்கிற தீவனம். கடலூரில் உப்பனாற்றங்கரையில் சிப்காட் இரசாயன ஆலைகள் இருக்கு. அங்கே எந்த இனம் குறையுது, எது கூடுதுன்னு மாசாமாசம் வெள்ளாற்றோட ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் தண்ணிக்கு என்ன ஆகுதுன்னு பேசவே முடியும். வெறும் குளோரோஃபில் எண்ணை வெச்சுப் பேசினா, ரெண்டு ஆறும் ஒண்ணு மாதிரியே தெரியலாம்.

பெயர் தெரிஞ்ச ஆள் வேணும் என்பதுக்கு ஒரு உதாரணம். நம்ம கிழக்குக் கரையில் நட்சத்திர வடிவில் கூட்டமா மிதக்கும் ஒரு டயாட்டம் உண்டு. பழைய கட்டுரைகளில் அதன் பெயர் ஆஸ்டீரியோனெல்லா ஜப்பானிகா. பிறகு அதுவும், காஸ்ட்ரகானே என்பவர் ஏற்கெனவே கிளேஷியாலிஸ், அதாவது பனிக்குரியது, என்று பெயர் வெச்சதும் ஒரே இனம்தான்னு முடிவாச்சு. இப்போ பட்டியலில் ஆஸ்டீரியோனெலாப்சிஸ் கிளேஷியாலிஸ். இது தெரியாத ஒருத்தர் ரெண்டு காலத்துப் பட்டியலையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒப்பிட்டா, வங்காள விரிகுடாவில் ஒரு டயாட்டம் அழிஞ்சு, பனிக்கடலிலிருந்து இன்னொண்ணு குடியேறிடுச்சுன்னு ரிசல்ட் வரும்.