இரட்டை எஞ்சினில் ஒன்று நின்றால்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ரயில்வே குமாஸ்தாவுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று தாங்கள் நகைக்கலாம். நம் காலனிப் பிள்ளையொருவன் விமானம் ஓட்டப் பயின்று வருகின்றான். அவன் அன்னையார் எம்மிடம், "இரண்டு எஞ்சின் இருக்கிறதே அண்ணா, ஒன்று நின்றாலும் மற்றொன்று காப்பாற்றாதா?" என்று வினவினார். காப்பாற்றும் என்று சொல்லி அனுப்பினோம். விடுமுறையில் வந்த பிள்ளையோ, யாம் சொன்னதில் பாதி பிழை என்றான். அதனைத் திருத்தவே இம்மேடை ஏறினோம்.

மலைப்பாதையில் இரண்டு எஞ்சின் பூட்டிய வண்டியை நாம் அறிவோம். ஒன்று பழுதானால் டிரைவர் பிரேக் போட்டு நிறுத்துவார்; உதவி எஞ்சின் வரும்; தாமதத்திற்குக் காரணம் எழுதுவது எம் போன்றோர் பாடு. ஆகாயத்திலோ நிற்க இடமில்லை.

சிறிய விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றால் சக்தி பாதியாகக் குறையும். மேலேறும் திறனோ நூற்றுக்கு 80 பங்கிற்கும் மேல் போய்விடும். இக்கணக்கு எமக்கு எளிதில் விளங்கியது. சம்பளம் பாதியானால் வீட்டுச் செலவு பாதியாவதில்லை. மாதக் கடைசி மிச்சமே அழிகின்றது. விமானம் தாழாமல் பறக்கச் செலவாவது போக, மிஞ்சிய சக்தியே அதனை மேலேற்றுகின்றது. பாரம் நிறைந்து, வெயிலும் கடுமையானால், ஒற்றை எஞ்சினால் ஏறவே மாட்டாத சிறு விமானங்கள் பல உண்டு.

இன்னும் ஒரு விபரீதம் கேளுங்கள். உயிருள்ள எஞ்சின் ஒரு பக்கமாக இழுப்பதால் விமானம் செத்த எஞ்சின் பக்கம் திரும்பும். விமானி காலால் சுக்கான் மிதியை அழுத்தி அதனைத் தடுக்கின்றார். வேகமானியில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. வேகம் அதற்குக் கீழே போனால் சுக்கானுக்கு வலு போதாது; விமானம் புரண்டு கவிழும். அப்போது நல்ல எஞ்சினின் விசையையே குறைத்து, மூக்கைத் தாழ்த்த வேண்டும். காப்பாற்றும் என்று யாம் சொன்ன எஞ்சின்தான் அது!

எது நின்றது என்று அறிவதும் எளிதன்று. அழுத்தாமல் சும்மா இருக்கும் காலின் பக்கத்து எஞ்சினே செத்தது என்பது பாடம். அதன் விசைப்பிடியைப் பின்னிழுத்துப் பார்த்து, மாறுதல் இல்லையென்று கண்ட பிறகே விசிறி அலகுகளைக் காற்றுக்கு ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். 2015 பிப்ரவரியில் தைப்பேயில், சற்றுப் பெரிய இரட்டை எஞ்சின் விமானமொன்றில் வலப்பக்கத்து எஞ்சின் விசை இழந்தது; விமானி நன்றாயிருந்த இடப்பக்கத்து எஞ்சினை நிறுத்திவிட்டார். 58 பேரில் 43 பேர் மாண்டனர்.

ஆகையால் முடிவைத் தரையிலேயே செய்துகொள்கின்றனர். புறப்படுமுன் பிள்ளை வாய்விட்டுச் சொல்வானாம்: ஓடுபாதையில் ஓடும்போது நின்றால் இரண்டு விசையையும் மூடி நிறுத்துவேன், எழும்பியபின் முன்னே பாதை மிச்சமிருந்தால் அதிலேயே இறங்குவேன், சக்கரம் உள்ளே போனபின் நின்றால் நீலக்கோட்டு வேகத்தைக் காப்பேன், அப்போதும் ஏறாவிடில், கவிழாமல் நேர் முன்னேயுள்ள வெளியில் இறக்குவேன்.

இவற்றையெல்லாம் அன்னையாரிடம் சென்று உரைத்தோம். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "ஒவ்வொரு தடவையும் சொல்கிறானா?" என்று மட்டும் கேட்டார். சொல்கிறான் என்றோம். பிறகுதான் காபி வந்தது.