கணக்கேடும் கணிப்பொறியும்

அருப்புக்கோட்டையினின்று திருச்சுழிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசல் நிலம் பரந்து கிடக்கின்றது. குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு; ஆண்டின் பெரும்பகுதி அதில் ஓடுவது மணலே. வானம் பார்த்த இப்பூமியில் உழவர்க்குச் சொத்து இரண்டு. ஒன்று நிலம், மற்றொன்று அந்நிலத்தைக் குறித்த ஏடு. மழை பொய்த்தால் முதற்சொத்து கைகொடாது. அப்பொழுது கடனுக்கும் நிவாரணத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் துணை நிற்பது இரண்டாவது சொத்துத்தான்.

சில ஆண்டுகட்கு முன் என் சிறிய தந்தையார் பயிர்க்கடன் கேட்டுச் சென்றார். சிட்டாவில் அவர் பெயருக்கு முன்னே தலைப்பெழுத்து நின்றது. வங்கிப் புத்தகத்தில் பின்னே நின்றது. மற்றோர் அடையாளச் சீட்டில் அவ்வெழுத்தே குடும்பப் பெயராக உருமாறியிருந்தது. "ஐயா, நான் என்ன செய்வேன்? மூவரும் வேறு வேறு ஆட்கள் என்று கணிப்பொறி சொல்கிறதே!" என்றார் அங்கிருந்தவர். அவர் நல்லவர், உள்ளபடியே வருந்தினார். சிறிய தந்தையார் நான்கு முறை நடந்தார். பணம் கைக்கு வந்தபோது விதைப்புக்குரிய ஈரம் போய்விட்டது.

கணிப்பொறி தானாக ஒன்றும் சொல்வதில்லை. இன்னது இருந்தால் ஏற்க, இன்னது இல்லையேல் மறுக்க என்று எவரோ ஒருவர் அதற்கு எழுதி வைத்திருக்கிறார். அவரே தரவுத்தள மென்பொருளாளர். பெயர் என்றால் முற்பெயரும் குடும்பப் பெயரும் இருந்தே தீரும் என்று எங்கோ கற்றுக்கொண்டு, அவ்வாறே கட்டம் போட்டுவிட்டார். தந்தை பெயரின் முதலெழுத்தையே தலைப்பாகச் சூடும் நம் வழக்கத்தை அவருக்கு எடுத்துச் சொன்னவர் இல்லை. தமிழரே ஆயினும், கற்ற நூல் சொன்னபடிதானே அவர் கை செல்லும்?

இத்தகைய மென்பொருளாளர்க்கு அருப்புக்கோட்டையிலேயே, கட்டணமின்றி, ஒரு நாள் பயிற்சி நடத்துதல் வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

அவ்வூரில் ஏன் என்று சிலர் வினவலாம். 2018ஆம் ஆண்டு மத்திய அரசு, முன்னேற விழையும் மாவட்டங்கள் எனச் சில மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும். 49 குறியீடுகளால் அம்மாவட்டங்களை அளந்து தரவரிசை இட்டனர். குழந்தையின் எடை, பள்ளியின் நிலை, வயலின் விளைவு யாவும் எண்களாகித் தில்லிக்குச் சென்றன. அளக்கப்படும் ஊரிலேயே அளவை அறிந்தவரும் இருத்தல் நன்றல்லவா? மாணவர்க்கும் குறைவில்லை. தேவாங்கர் கலைக் கல்லூரியும் சைவ பானு சத்திரியக் கல்லூரியும் அவ்வூரிலேயே உள்ளன. மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். எனினும், சென்று வரும் செலவோடு பயிற்சிக் கட்டணமும் சேர்ந்தால் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அது பெருந்தொலைவே.

நிற்க. இதற்கு வழி காட்டியோர் தமிழ்நாட்டில் முன்னரே உளர். 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகின்றது. து. நித்யா அவர்கள் எழுதிய 'எளிய தமிழில் MySQL' என்னும் நூலை—மையெஸ்கியூயெல் என்னும் தரவுத்தளத்தைப் பற்றியது—எவரும் விலையின்றிப் பெற்றுப் படிக்கலாம். விழுப்புரத்துக் குனு லினக்சு பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்க்குக் கட்டணமின்றிக் கற்பிக்கின்றனர். கருவிகளுக்கும் விலையில்லை. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 1986இல் வேர்விட்ட போஸ்ட்கிரெஸ், உலகெங்கும் பெரு நிறுவனங்கள் பயன்படுத்தும் தரவுத்தளம். அதனை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டில் பிறந்த எஸ்கியூலைட்டு, நம் கைப்பேசியினுள்ளேயே இருக்கின்றது. ஆகவே வேண்டுவன ஓர் அறை, பழைய கணிப்பொறிகள் சில, கற்பிக்க மனமுடையார் இருவர், இவ்வளவே.

அந்த நாளின் முற்பகலில் கணிப்பொறியைத் திறக்கவே கூடாது என்பது என் கருத்து. கிராமக் கணக்கை மேசைமேல் விரித்தல் வேண்டும். கர்ணம் என்னும் பதவி 1980இல் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தார், ஏடுகள் நின்றுவிடவில்லை. அ-பதிவேடு சர்வே எண்ணின் வரிசையில் நிலத்தைச் சொல்லும். சிட்டா, பட்டாதாரரின் கீழ் அவருடைய நிலங்களைத் தொகுத்துச் சொல்லும். அடங்கல், எந்தப் பசலியில் எப்புலத்தில் என்ன பயிர் என்று சொல்லும். ஒரே நிலம் மூன்று ஏட்டிலும் வருகின்றது. பட்டாதாரர் இறந்தபின் ஓர் ஏட்டில் மகன் பெயர் ஏறி, மற்றோர் ஏட்டில் தந்தை பெயரே நின்றால் எதனை நம்புவது?

இவ்வினாவைத்தான் 1970இல் எட்கார் காடு என்னும் அறிஞர் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்டார். செய்திகளை எளிய அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றையொன்று திறவுகோலால் பிணைக்கலாம் என்றார். அவ்வழியில், ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டுமே எழுதி, தேவைப்படும் மற்ற இடங்களில் அதனைச் சுட்டினால் போதும். உரிமையாளர் பெயர் ஓர் அட்டவணையில் ஒரு முறை. நிலத்தின் வரிசையில் அவரைக் குறிக்கும் எண் மட்டும். பெயரைத் திருத்தினால் எங்கும் திருந்தும். கலிபோர்னியாவில் எழுதிய கட்டுரையாயினும், திருச்சுழி வட்டத்துச் சிட்டாவை வைத்து விளக்கினால் மாணவர்க்கு ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். பசலி ஆண்டையும் அங்கேயே சொல்லிவிடலாம். பசலி 1435 தொடங்கியது 2025 ஜூலை முதல் நாள். ஆண்டென்றால் ஜனவரி என்றே எண்ணி மென்பொருள் எழுதியவர், பங்குனிப் பருத்தியை அடுத்த பசலியில் கொண்டுபோய் வைப்பார்.

நண்பகலுக்கு முன் தமிழெழுத்தைப் பற்றி ஒரு பாடம் அவசியம் வேண்டும். பாட நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதனையே. 'அருப்புக்கோட்டை' என்பதில் நாம் எண்ணும் எழுத்துக்கள் எட்டு. ஒருங்குறியில் மெய்க்குரிய புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பெறுவதால், கணிப்பொறிக்கு அவை பதினைந்து. ஊர்ப் பெயருக்குப் பத்து இடம் போதுமென்று ஒதுக்கினால், சில மென்பொருள்கள் ஏற்க மறுக்கும். சில ஓசையின்றி வெட்டிவிட்டு, 'அருப்புக்க' என்று நிறுத்திவிடும். கோவிந்தன் என்பாரின் நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. 'கோ' என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ இருவர்! ஏட்டில் ஏற்றுமுன் ஒரே வடிவுக்குக் கொணரும் கட்டளை ஒன்று உண்டு, ஒரு வரிதான். அதனை அறியாமையால் ஒருவர் பட்டியலினின்று விடுபட்டுப் போகலாம்.

அகரவரிசையும் அத்தகையதே. நம் முறையில் கபிலன், கருப்பன், கனகன் என்பது வரிசை. னகரம் இறுதியில் நிற்பது. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து அமர்ந்துவிட்டது. வாளா விட்டால் கணிப்பொறி கனகனை முதலில் நிறுத்தும். தமிழ் வரிசை வேண்டும் என்று நாம்தான் சொல்லுதல் வேண்டும், சொன்னால் கேட்கும். போஸ்ட்கிரெசில் 2017இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு முதல் அதற்கு நல்ல வழி அமைந்துள்ளது.

பிற்பகலுக்கு ஒரு வேடிக்கை வைத்திருக்கிறேன். அண்ணன் பெயரிலிருக்கும் 4 ஏக்கரில் 2 ஏக்கரைத் தம்பி பெயருக்கு மாற்றுதல் வேண்டும். அண்ணன் கணக்கில் கழிக்கவேண்டும்; தம்பி கணக்கில் கூட்டவேண்டும். கழித்தபின், கூட்டுமுன், ஆசிரியர் மின்னிணைப்பைப் பிடுங்கிவிடுவார்! மீண்டும் இயக்கிப் பார்த்தால், தனித்தனிக் கட்டளையாக எழுதியவரின் ஏட்டில் 2 ஏக்கர் நிலம் உலகத்தைவிட்டே மறைந்திருக்கும். இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டி எழுதியவரின் ஏட்டில், மாற்றம் தொடங்காததுபோலப் பழைய 4 ஏக்கரும் அண்ணன் பெயரிலேயே இருக்கும். முழுதும் நிகழ்க, அன்றேல் சிறிதும் நிகழற்க என்னும் இந்நெறியை ஆராய்ந்து வகுத்தமைக்காகவே ஜிம் கிரே என்பார்க்கு 1998இல் டூரிங் விருது அளித்தனர். மின்சாரம் போவது கரிசற் காட்டுக்குப் புதிதன்று. இப்பாடம் அங்கே எவர்க்கும் மறவாது.

ஒரு நாளில் வல்லுநர் ஆகிவிட முடியுமா? முடியாது. அவ்வாறு விளம்பரம் செய்வோரை நம்பவும் வேண்டா. தேடலை விரைவாக்கும் சுட்டுவரிசைகள், காப்பு நகல், பிறர் கண்ணில் படாது தரவைக் காத்தல் எனக் கற்கவேண்டியவை பல மாதங்களுக்கு உள்ளன. இன்னொரு வினாவும் எழும்: இக்காலத்தில் வினவல்களைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகின்றதே, மனிதர் ஏன் கற்கவேண்டும்? எழுதித் தருகின்றது, உண்மை. பல வேளை நன்றாகவே தருகின்றது. ஆனால் ஓர் ஊரில் ஒரே தலைப்பெழுத்தோடு கருப்பசாமிகள் நால்வர் இருப்பதும், அவர்களைப் பிரித்தறியப் பாட்டன் பெயரோ தெருவோ வேண்டும் என்பதும் அதற்குச் சொன்னாலன்றித் தெரியாது. சொல்ல வேண்டியவர் அவ்வூரை அறிந்தவர்.

அப்படியொரு நாளை ஏற்பாடு செய்வோர் உளராயின், ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தக்கது. புரட்டாசியில் மானாவாரி விதைப்பு தொடங்கிவிட்டால் பிள்ளைகளும் காட்டுக்குப் போய்விடுவர். வருவோர் தத்தம் வீட்டுச் சிட்டா நகல் ஒன்றைக் கையோடு கொணர்க. அதிலுள்ள பெயரையும், வங்கிப் புத்தகத்துப் பெயரையும், அடையாளச் சீட்டின் பெயரையும் ஒரே அட்டவணையில் ஏற்றி, மூன்றும் ஒருவரே என்று கணிப்பொறியை ஒப்புக்கொள்ளச் செய்வதே அன்று மாலைக்குரிய கணக்கு. என் சிறிய தந்தையாரின் சீட்டுக்கள் மூன்றின் நகலும் என்னிடம் உள்ளன. முதற்கணக்குக்கு அவற்றைத் தருகிறேன்.